பயிற்றுநரின் கண்

கூடைப்பந்தாட்டம் நடக்கும்போது பார்வையாளர்களின் தலைகளைக் கவனித்திருக்கிறீர்களா? பந்து இடப்பக்கம் போனால் எல்லாத் தலைகளும் இடப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் வந்தால் எல்லாம் வலப்பக்கம் திரும்பும். பந்து கூடையில் விழுந்ததும் கைதட்டல் எழும். ஆனால் களத்தின் ஓரத்தில், மாற்று ஆட்டக்காரர்கள் அமரும் பெஞ்சுக்கு முன்னால் நிற்கும் ஒருவர் மட்டும் பல சமயம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அவர்தாம் பயிற்றுநர்.

பந்து இல்லாத இடத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் ஆட்ட நேரம் 40 நிமிடம். களத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்துப் பத்துப் பேர். பந்து ஒன்றே ஒன்று. 40 நிமிடத்தைப் பத்துப் பேருக்கும் சமமாகப் பங்கிட்டால், ஒருவர் கையில் பந்து இருக்கும் நேரம் 4 நிமிடத்துக்கு மேல் வராது. மீதி 36 நிமிடமும் அவர் பந்தில்லாமல்தான் ஓடுகிறார், மறிக்கிறார், வழி விடுகிறார், ஏமாற்றுகிறார். ஆட்டத்தின் பெரும்பகுதி பந்தில்லாத இடத்தில்தான் நடக்கிறது. பந்தை மட்டும் பார்ப்பவர் ஆட்டத்தில் ஒரு சிறு பகுதியையே பார்க்கிறார்.

இதோடு முடிந்ததா? பந்து கைக்கு வந்த 30 வினாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும் என்பது விதி. எனவே கடிகாரத்தில் ஒரு கண் வேண்டும். ஐந்து தவறு செய்தவர் வெளியேற வேண்டும். எனவே யார் எத்தனை தவறு செய்திருக்கிறார் என்பது நினைவில் இருக்க வேண்டும். யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் மனம் சோர்ந்திருக்கிறார், எதிரணி தன் காப்பு முறையை எப்போது மாற்றியது, இவையும் தெரிய வேண்டும். இத்தனையையும் ஒரு மனித மூளை எப்படிச் சமாளிக்கிறது? இதற்கு விடை தேட, ஒரு பயிற்றுநரின் வாழ்க்கை நமக்கு வழிகாட்டும்.

22 வயதில் தலைமை

அவர் பெயர் பாட் சம்மிட். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் 1952ஆம் ஆண்டு பிறந்தவர். 1974இல் டென்னசிப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்றுநரானபோது அவருக்கு வயது 22தான். அவரிடம் பயிற்சி பெற்றவர்களில் சிலர் அவரைவிட ஓரிரு வயதே இளையவர்கள். மாதச் சம்பளம் 250 டாலர். அந்நாளில் பெண்கள் விளையாட்டுக்குக் கல்லூரிகள் அதிகம் செலவிடுவதில்லை. வெளியூர் ஆட்டங்களுக்கு வேனை ஓட்டிச் செல்பவர் அவரே. ஆட்டம் முடிந்தபின் சீருடைகளைத் துவைப்பவரும் அவரே. அவர் வழிநடத்திய முதல் ஆட்டத்தில் அணி 83-84 என்ற கணக்கில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றது.

1976இல் மாண்ட்ரீல் நகரில் நடந்த ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது. அதில் அமெரிக்க அணியில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார் சம்மிட். 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த அமெரிக்க அணி தங்கம் வென்றது. டென்னசி அணிக்கு 38 பருவங்கள் பயிற்றுநராக இருந்து 1,098 வெற்றிகளும் 8 தேசியப் பட்டங்களும் பெற்றுத் தந்தார். 1997-98 பருவத்தில் அவருடைய அணி 39 ஆட்டங்கள் ஆடி 39லும் வென்றது.

இவற்றோடு இன்னொன்றுக்கும் அவர் பெயர் பெற்றவர். அது அவருடைய பார்வை. களத்தில் தவறு செய்த மாணவியை ஓரத்திலிருந்து அவர் ஒரு பார்வை பார்ப்பார். கத்த வேண்டியதே இல்லை. அந்தப் பார்வையைப் பற்றி அவரிடம் ஆடிய பெண்கள் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கட்டைவிரல் நகத்தளவு

கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். அப்படியல்ல. இப்போதே சோதித்துப் பாருங்கள். இந்த வரியின் நடுவிலுள்ள ஏதேனும் ஓர் எழுத்தின் மீது பார்வையை நிறுத்துங்கள். கண்ணை அசைக்காமல், நான்கு வரிகளுக்குக் கீழே உள்ள சொல்லைப் படிக்க முயலுங்கள். முடியவில்லை அல்லவா?

விழித்திரையின் நடுவில் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. நுண்ணிய விவரங்களைக் கூர்மையாகக் காணக்கூடிய இடம் அதுவே. அது பிடிக்கும் பரப்பு ஏறக்குறைய 2 பாகை கோணம். கையை முழுதும் நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம்தான் கிட்டத்தட்ட அந்தப் பரப்பு. அதற்கு வெளியே இருப்பவை மங்கலாகவே பதிகின்றன. இதை ஈடுகட்டக் கண் ஒரு வினாடிக்கு மூன்று முறை போல இடம்விட்டு இடம் தாவுகிறது. இப்படிக் கிடைத்த துண்டுகளை ஒட்டி மூளை ஒரு முழுப் படத்தை அமைத்துத் தருகிறது.

ஆக, 94 அடி நீளமும் 50 அடி அகலமும் உள்ள களத்தைப் பயிற்றுநர் ஒரே பார்வையில் விழுங்கிவிட முடியாது. அடுத்த தாவலை எங்கே வைப்பது என்று கணத்துக்குக் கணம் அவர் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்றை விட்டுவிட வேண்டும். 'கவனம்' என்று நாம் சொல்வது இந்தத் தேர்வைத்தான்.

பார்த்தும் காணாதவர்கள்

கூடைப்பந்தை வைத்தே கவனத்தை ஆராய்ந்த புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 1999இல் அதை வெளியிட்டனர். வெள்ளைச் சட்டை அணிந்த மூவரும் கறுப்புச் சட்டை அணிந்த மூவரும் கலந்து நின்று, தத்தம் அணிக்குள் பந்தை எறிந்து பிடிக்கும் காட்சியைப் படமாக்கினர். ஓர் அணி எத்தனை முறை பந்தை எறிகிறது என்று எண்ணுமாறு பார்ப்பவர்களிடம் சொன்னார்கள். படத்தின் நடுவில் மனிதக் குரங்கு வேடமணிந்த ஒருவர் ஆட்டக்காரர்களுக்கு இடையே நடந்து சென்றார். எண்ணுவதில் மூழ்கியிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் அந்தக் குரங்கைக் காணவே இல்லை!

ஜெர்மானிய ஆய்வாளர் டேனியல் மெம்மெர்ட் 2006இல் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு சென்றார். சிறுவர்களுக்கு அதே படத்தைக் காட்டி, அவர்களுடைய விழியசைவுகளைக் கருவி கொண்டு பதிவு செய்தார். குரங்கைக் காணவில்லை என்று சொன்ன சிறுவர்களின் விழிகளும் அதன்மீது பட்டிருந்தன! அதைக் கண்டதாகச் சொன்னவர்கள் நோக்கிய அளவு நேரம் அவர்களும் அதை நோக்கியிருந்தார்கள். கண் பட்டது, ஆனால் மூளையில் பதியவில்லை. இன்னொரு செய்தியும் தெரிய வந்தது. கூடைப்பந்து ஆடிப் பழகிய சிறுவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குரங்கைக் கண்டுகொண்டார்கள். பந்தைப் பின்தொடர்வது அவர்களுக்குப் பழகிய வேலை. அதனால் வேறொன்றைக் காணவும் மூளையில் சிறிது இடம் மிஞ்சியிருந்தது என்று கருதலாம்.

நினைவு தரும் கண்

பழக்கம் மூளையில் அப்படி என்ன செய்கிறது? 194719692023 என்ற எண்ணை ஒருமுறை படித்துவிட்டுக் கண்ணை மூடிச் சொல்லுங்கள். பன்னிரண்டு இலக்கங்கள். கடினம்தான். இப்போது இப்படிப் பாருங்கள். 1947 இந்தியா விடுதலை பெற்ற ஆண்டு. 1969 மனிதன் நிலவில் கால் வைத்த ஆண்டு. 2023 சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆண்டு. பன்னிரண்டு இலக்கங்கள் மூன்று கட்டுகளாகிவிட்டன. இனி மறப்பதுதான் கடினம். எண் மாறவில்லை. உங்கள் நினைவில் ஏற்கெனவே இருந்தவை உதவிக்கு வந்தன.

சதுரங்க மேதைகளும் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் சேஸ், ஹெர்பெர்ட் சைமன் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரு நிலையை 5 வினாடி மட்டும் காட்டிவிட்டு மறைத்தனர். மேதை பெரும்பாலான காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். புதியவரால் நான்கைந்து காய்களையே வைக்க முடிந்தது. பிறகு காய்களை ஒழுங்கின்றி இறைத்து வைத்துக் காட்டியபோது மேதையின் சிறப்பு மறைந்துபோயிற்று. மேதைக்குக் கண் கூர்மையில்லை. பொருளுள்ள அமைப்புகள் அவர் நினைவில் ஏராளமாக இருந்தன.

கனடாவில் ஃபிரான் அல்லார்டும் அவருடைய குழுவினரும் 1980இல் இதே சோதனையைக் கூடைப்பந்துக்குப் பொருத்திப் பார்த்தனர். ஆட்டப் படங்களைச் சில வினாடி காட்டி, ஆட்டக்காரர்கள் எங்கெங்கே நின்றார்கள் என்று கேட்டனர். அணி திட்டமிட்டுத் தாக்கும் காட்சிகளைக் கூடைப்பந்து வீராங்கனைகள் மற்றவர்களைவிட நன்றாக நினைவுகூர்ந்தார்கள். ஒழுங்கு குலைந்த காட்சிகளில் இருசாராரும் சமமே.

இப்போது பயிற்றுநரிடம் திரும்புவோம். நமக்குப் பத்துத் தனி மனிதர்கள் தெரியும் இடத்தில் அவருக்கு இரண்டு மூன்று அமைப்புகள் தெரிகின்றன. நாம் ஒரு பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது, அவர் வாக்கியம் வாக்கியமாகப் படிக்கிறார். அதனால்தான் பந்தை விட்டுவிட்டு, அந்த வாக்கியத்தில் பிழையாக நிற்கும் ஒரு சொல்லை, அதாவது இரண்டு அடி தள்ளி நிற்கும் ஒரு மாணவியை, அவரால் காண முடிகிறது. பல்லாயிரம் மணி நேரப் பயிற்சியில் சேர்ந்த நினைவுதான் அவருக்குக் கண்ணாகிறது.

பயிற்சிக் கூடத்தில் எண்ணியது

அந்த நினைவு சேரும் இடம் பயிற்சிக் கூடம். 2004-05 பருவத்தில் ஆண்ட்ரியா பெக்கர், கிரேக் ரிஸ்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் சம்மிட்டின் ஆறு பயிற்சி வகுப்புகளைப் பதிவு செய்து, அவருடைய ஒவ்வொரு சொல்லையும் செயலையும் வகை பிரித்து எண்ணினார்கள். மொத்தம் 3,296. அவற்றில் 48 விழுக்காடு, எதை எப்படிச் செய்வது என்று கற்பிப்பவை. பாராட்டு 14.5 விழுக்காடு. ஊக்கி விரட்டும் சொற்கள் 10.7 விழுக்காடு.

ஆய்வாளர்களுக்கு ஓர் ஐயம் இருந்தது. சிறந்து விளங்குவார் என்று ஆசிரியர் எதிர்பார்க்கும் மாணவருக்கே அவருடைய கவனம் அதிகமாகக் கிடைக்கும் என்பது பல வகுப்பறைகளில் காணப்படும் உண்மை. சம்மிட்டும் அப்படித்தான் இருப்பார் என்று அவர்கள் எண்ணினார்கள். ஆனால் எண்ணிப் பார்த்தபோது, அதிகம் எதிர்பார்த்த மாணவியருக்கும் குறைவாக எதிர்பார்த்தவர்களுக்கும் அவர் தந்த கவனத்தில் அளவிலோ தரத்திலோ வேறுபாடு தென்படவில்லை. பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பவரும் அவருடைய பார்வைக்குள்தான் இருந்தார்.

அவர் கவனத்தைக் கொடுத்தார், திருப்பியும் கேட்டார். பேசும்போது மாணவியர் அவருடைய கண்ணைப் பார்க்க வேண்டும். கல்லூரி வகுப்புகளில் அவர்கள் முதல் மூன்று வரிசைகளுக்குள் அமர வேண்டும். காரணமின்றி வகுப்புக்கு வராமல் இருக்கக் கூடாது. அவருடைய அணியில் தமக்குரிய காலம் முழுவதும் ஆடி முடித்த மாணவியர் அனைவரும் பட்டம் பெற்றார்கள். 1,098 வெற்றிகளைவிட இதை உயர்வாகச் சொல்பவர்களும் உண்டு.

ஒரு மூளை போதாது

எவ்வளவு பழகிய மூளைக்கும் ஓர் எல்லை உண்டு. ஆங்கிலேய உளவியலார் நார்மன் மாக்வொர்த் 1948இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கடிகாரம் போன்ற ஒரு முகப்பில் முள் சீராக நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனையில் முதல் அரைமணிக்குள்ளேயே பலருடைய கவனம் தளரத் தொடங்கிவிட்டது. கனடாவில் 1986இல் நடந்த மற்றோர் ஆய்வில், காற்பந்துப் பயிற்சிக்குப் புதியவர்களிடம் தாங்கள் பார்த்த ஆட்டத்தின் முக்கிய நிகழ்ச்சிகளைக் கேட்டபோது, பாதிக்கும் குறைவானவற்றையே அவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

ஆகவேதான் பெஞ்சில் துணைப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். ஒருவர் எதிரணியின் காப்பு முறையைப் பார்ப்பார். ஒருவர் தவறுகளைக் குறிப்பார். ஒருவர் எண்ணிக்கைகளைத் தாளில் எழுதுவார். இடைவேளையில் எல்லாம் ஒன்று சேரும். ஒரு பெஞ்சில் நாலைந்து மூளைகள் சேர்ந்து ஒரே ஆட்டத்தைக் கவனிக்கின்றன.

கவனம் தடுமாறியபோது

2010-11 பருவத்தில் சம்மிட் தம்மிடம் ஒரு மாற்றத்தை உணர்ந்தார். கூட்டம் எத்தனை மணிக்கு என்பது மறந்துபோயிற்று. ஆட்டத்தின் சூட்டில் எந்தத் தாக்குதல் முறையை அழைப்பது என்று தோன்றாமல் மனம் வெறுமையானது. 2011இல் புகழ்பெற்ற மேயோ மருத்துவமனையில் பரிசோதித்தபோது, இளவயதிலேயே தொடங்கும் அல்சைமர் நோய் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 59கூட நிரம்பவில்லை.

ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் முதன்முதலாக எடுத்துரைத்த நோய் இது. மூளையில் இருவகைப் புரதங்கள் தவறான முறையில் சேர்கின்றன. அமிலாய்டு என்பது நரம்பணுக்களுக்கு வெளியே திட்டுகளாகப் படிகிறது. டௌ என்பது அணுக்களுக்குள் முடிச்சுகளாகச் சிக்கிக்கொள்கிறது. புதிய நினைவுகளை அமைக்கும் பகுதி பெரும்பாலும் முதலிலேயே பாதிக்கப்படுகிறது. நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அமெரிக்காவில் 2023இல் முழு ஒப்புதல் பெற்ற லெகனெமாப் போன்ற மருந்துகள், தொடக்க நிலையில் நோயின் வேகத்தை ஓரளவு குறைக்கின்றன.

கவனம் நினைவின்மேல் நிற்கிறது என்று முன்பே கண்டோம். நினைவு ஆட்டம் கண்டால் கவனமும் ஆட்டம் காணும். ஆட்டம் முழுவதையும் கண்ணில் வைத்திருந்த ஒருவருக்கு இதைவிடக் கடுமையான சோதனை என்ன இருக்க முடியும்? சம்மிட் நோயை மறைக்கவில்லை. 2011 ஆகஸ்டில் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பருவமும் பெஞ்சில் அமர்ந்தார். முன்பு அவர் தனியே சுமந்த பல வேலைகளைத் துணைப் பயிற்றுநர்கள் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் முதல்வரான ஹாலி வார்லிக், 1970களின் பிற்பகுதியில் சம்மிட்டிடம் ஆடிய மாணவி. 1985 முதல் அவருக்குத் துணை. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்குக் கற்றுத் தந்தவரே சம்மிட்தான். அந்தப் பருவத்தில் அணி 27 ஆட்டங்களில் வென்று, 9இல் தோற்றது. 2012 ஏப்ரலில் சம்மிட் விலக, வார்லிக் தலைமைப் பயிற்றுநரானார். சம்மிட் 2016 ஜூன் 28ஆம் நாள் தமது 64ஆம் வயதில் காலமானார்.

ஒரு மூளையில் அழிந்துகொண்டிருந்த அறிவு பல மூளைகளில் உயிரோடிருந்தது. தம் கவனத்தை 38 பருவங்களாக எல்லாருக்கும் சமமாகப் பகிர்ந்து கொடுத்ததன் பயன் அது.

நீங்கள் செய்து பாருங்கள்

உங்கள் பள்ளி மைதானத்தில் அடுத்த ஆட்டம் நடக்கும்போது, நண்பர் ஒருவருடன் ஓரத்தில் உட்காருங்கள். கூடைப்பந்தானாலும் கபடியானாலும் சரி. ஐந்து நிமிடம் இருவரும் ஆட்டத்தை முழுதும் பார்த்துவிட்டு, நடந்தவற்றைத் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். எத்தனை விட்டுப்போயிருக்கிறது என்பது வியப்பாக இருக்கும்.

அடுத்த ஐந்து நிமிடம் வேறு விதமாகப் பாருங்கள். ஆட்டத்தின் மையத்தை விட்டுவிடுங்கள். பந்து கையில் இல்லாத, பாடிச் செல்லாத ஒரே ஒருவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அவர் எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார், யாருக்கு வழி விடுகிறார் என்று மட்டும் பாருங்கள். உங்கள் நண்பர் வேறொருவரைப் பார்க்கட்டும். பிறகு இருவர் குறிப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் உங்களுக்குத் தெரியாதிருந்த ஆட்டம் ஒன்று அதில் இருக்கும்.